அட்டைப் பரிவர்த்தனை மறுப்பு

அட்டைப் பரிவர்த்தனை மறுப்பு என்பது, டெபிட் கார்டு எனப்படும் பற்று அட்டையையோ கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையையோ கொண்டு ஒருவர் பணம் செலுத்தவோ எடுக்கவோ முயலும்போது, அந்த அட்டையை வழங்கிய வங்கி அதற்கு அனுமதி அளிக்காமல் திருப்பி அனுப்புவதைக் குறிக்கும். கடையிலுள்ள ஸ்வைப் இயந்திரத்தின் திரையில் "டிக்ளைன்டு" என்று தோன்றும் ஒரு சொல்லுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். கணக்கில் பணம் இல்லை என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. அட்டை காலாவதியாகியிருக்கலாம், நாள் வரம்பு முடிந்திருக்கலாம், இணையப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், வங்கியின் கணினி அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரணம் தெரியாததால் மக்கள் பொதுவாக இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். ஒன்று, அதே அட்டையை மீண்டும் மீண்டும் தேய்த்து அதை முடக்கிக்கொள்வது. மற்றொன்று, பணம் ஏற்கெனவே கழிந்துவிட்டதை அறியாமல் இரண்டாம் முறை செலுத்துவது. மறுப்பு எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்பதை அறிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பங்கேற்போர்

ஓர் அட்டைப் பரிவர்த்தனையில் ஐந்து தரப்புகள் உள்ளன.

1. அட்டைதாரர்: அட்டையை வைத்திருப்பவர்.
2. வணிகர்: கடைக்காரர், மருத்துவமனை, இணையதளம் போன்ற பணம் பெறுபவர்.
3. வணிகரின் வங்கி: ஸ்வைப் இயந்திரத்தை அல்லது இணையக் கட்டண வாயிலை வணிகருக்குத் தந்திருக்கும் வங்கி.
4. அட்டை வலையமைப்பு: ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்றவை. ரூபே, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தால் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.
5. அட்டை வழங்கிய வங்கி: அட்டைதாரரின் கணக்கு இருக்கும் வங்கி அல்லது அவருக்குக் கடன் வரம்பு தந்திருக்கும் வங்கி.

ஓசூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு துணிக்கடையில் ஒருவர் 1,800 ரூபாய்க்கு அட்டையைக் கொடுக்கிறார் என்று கொள்வோம். இயந்திரம் அட்டையின் சில்லைப் படித்து, தொகையையும் மறையாக்கப்பட்ட பின் எண்ணையும் வணிகரின் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து செய்தி வலையமைப்புக்குச் செல்கிறது. வலையமைப்பு அட்டை எண்ணின் முதல் இலக்கங்களைக் கொண்டு அது எந்த வங்கியின் அட்டை என்று கண்டறிந்து, அந்த வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி "சரி" அல்லது "இல்லை" என்று முடிவு செய்கிறது. பதில் அதே வழியில் கடைக்குத் திரும்புகிறது. இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவெடுப்பவர் கடைக்காரர் அல்லர் என்பது. அவருடைய வங்கியும் பெரும்பாலும் முடிவெடுப்பதில்லை. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், அட்டை வழங்கிய வங்கியின் கணினியே முடிவெடுக்கிறது. அதனால் காரணத்தைக் கடைக்காரரிடம் கேட்டால் விடை கிடைப்பது அரிது.

வங்கி சரிபார்ப்பவை

கோரிக்கை வந்தவுடன் அட்டை வழங்கிய வங்கியின் கணினி பல கேள்விகளை எழுப்புகிறது. வரிசை வங்கிக்கு வங்கி மாறலாம். கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே.

அட்டை உண்மையானதா? அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்க எண், சில்லு உருவாக்கும் மறைக்குறி ஆகியவை பொருந்த வேண்டும்.

அட்டை உயிருடன் உள்ளதா? தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ அறிவிக்கப்பட்ட அட்டையும், புதிய அட்டை வந்தபின் செயலிழந்த பழைய அட்டையும் இங்கே நிறுத்தப்படும்.

பயன்படுத்துபவர் உரிமையாளர்தானா? கடையிலும் ஏடிஎம்மிலும் பின் எண்ணும், இணையத்தில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும் இதற்காகவே உள்ளன. பின் எண்ணைத் தொடர்ந்து தவறாக இட்டால், பொதுவாக மூன்று முறைக்குப் பின், அட்டை தற்காலிகமாக முடக்கப்படும்.

இந்த வகைப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டுள்ளதா? ஏடிஎம், கடை, இணையம், வெளிநாடு, தொடாமல் செலுத்துதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதிகள் உள்ளன.

வரம்புக்குள் உள்ளதா? ஒவ்வோர் அட்டைக்கும் நாளொன்றுக்கு ஏடிஎம்மில் எவ்வளவு, கடையில் எவ்வளவு என்ற வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, பாரத ஸ்டேட் வங்கி தன் கிளாசிக் வகைப் பற்று அட்டைக்கான நாள் வரம்பை 2018 அக்டோபர் 31 முதல் 40,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாகக் குறைத்தது. அப்போது கணக்கில் ஒரு லட்சம் இருந்தாலும் அந்த அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ஒரே நாளில் 25,000 எடுக்க இயலாமல் போனது.

பணம் உள்ளதா? இங்கே பார்க்கப்படுவது மொத்த இருப்பு அன்று, பயன்படுத்தத்தக்க இருப்பு. கணக்கில் 9,000 ரூபாய் இருந்து, அதில் 6,000 ரூபாயை வங்கி ஏதேனும் ஒரு காரணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தால், பயன்படுத்தத்தக்கது 3,000 மட்டுமே. சம்பளம் வந்த அன்றே இருசக்கர வாகனக் கடனின் தவணை தானாகக் கழிந்துவிடுவதும், அதை மறந்து அட்டையைக் கொடுப்பதும் அடிக்கடி நிகழ்பவை.

நடத்தை வழக்கமானதா? இறுதியாக, மோசடியைக் கண்டறியும் மென்பொருள் பரிவர்த்தனைக்கு ஓர் இடர் மதிப்பெண் அளிக்கிறது. நள்ளிரவில் அடுத்தடுத்துப் பெருந்தொகைகள், சற்று முன் ஓர் ஊரிலும் உடனே தொலைதூர ஊரிலும் பயன்பாடு, இதுவரை வாங்காத வகைப் பொருள் ஆகியவை மதிப்பெண்ணை உயர்த்தும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நேர்மையான வாடிக்கையாளரின் கோரிக்கையும் மறுக்கப்படலாம்.

மறுமொழிக் குறியீடுகள்

வங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐஎஸ்ஓ 8583 என்னும் பன்னாட்டுச் செய்தித் தரத்தைப் பயன்படுத்துகின்றன. இது முதன்முதலில் 1987இல் வெளியிடப்பட்டது. இதன்படி ஒவ்வொரு பதிலும் ஓர் இரண்டு இலக்கக் குறியீட்டுடன் வருகிறது. ஸ்வைப் இயந்திரத்தின் தாளிலோ திரையிலோ இக்குறியீடு சில வேளைகளில் அச்சாகும். பரவலாகக் காணப்படுபவை:

00: அனுமதிக்கப்பட்டது
05: ஏற்க வேண்டாம் (காரணம் கூறப்படவில்லை)
14: அட்டை எண் தவறு
41: தொலைந்த அட்டை
43: திருடப்பட்ட அட்டை
51: போதிய பணம் இல்லை
54: காலாவதியான அட்டை
55: பின் எண் தவறு
57: இவ்வகைப் பரிவர்த்தனை இந்த அட்டைக்கு அனுமதிக்கப்படவில்லை
61: தொகை வரம்பு மீறப்பட்டது
62: கட்டுப்பாடு விதிக்கப்பட்ட அட்டை
65: எண்ணிக்கை வரம்பு மீறப்பட்டது
75: பின் எண் முயற்சிகள் முடிந்துவிட்டன
91: அட்டை வழங்கிய வங்கி அல்லது இணைப்பகம் இயங்கவில்லை
96: கணினி அமைப்பில் கோளாறு

இவற்றை மூன்று குழுக்களாகப் பிரித்துக்கொள்வது எளிது. 41, 43, 54 போன்றவை நிலையான மறுப்புகள். எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை, புதிய அட்டைதான் வழி. 51, 57, 61, 65 போன்றவை நிலைமை மாறினால் நீங்கும் மறுப்புகள்; பணம் போட்டாலோ, அனுமதியை இயக்கினாலோ, மறுநாள் ஆனாலோ அதே அட்டை வேலை செய்யும். 91, 96 ஆகியவை தொழில்நுட்ப மறுப்புகள். அட்டைதாரர்மீது எக்குறையும் இல்லை.

யுபிஐ முறையிலும் இதே அமைப்பு உண்டு. அங்கே போதிய பணம் இல்லை என்பதற்கு இசட்9 என்றும், பின் எண் தவறு என்பதற்கு இசட்எம் என்றும் குறியீடுகள் வழங்குகின்றன.

காரணம் முழுமையாகச் சொல்லப்படாதது ஏன்?

05 என்னும் குறியீடு பலரைக் குழப்புகிறது. வங்கிக்குக் காரணம் தெரியும். ஆயினும் கடைக்குச் சொல்வதில்லை. இதற்கு இரண்டு நியாயங்கள் உள்ளன. முதலாவது, அட்டைதாரரின் கணக்கு நிலையை மூன்றாம் மனிதரான கடைக்காரர் அறிய வேண்டியதில்லை. இரண்டாவது, அட்டையை வைத்திருப்பவர் திருடராக இருந்தால், "மோசடி என்று ஐயப்படுகிறோம்" என்று சொல்வது அவரை எச்சரிப்பதாகிவிடும்.

இந்த மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு. வரிசையில் நிற்பவர்களின் முன்னால் ஒருவருடைய அட்டை மறுக்கப்படும்போது, "காசில்லாமல் கார்டைக் கொடுக்கிறார்" என்றே மற்றவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் 05 என்பது இருப்பைப் பற்றிய சான்று அன்று. பணம் இல்லாததற்கென்று 51 என்ற தனிக் குறியீடே இருக்கிறது. முழுக் காரணத்தையும் கேட்டறியும் உரிமை அட்டைதாரருக்கு உண்டு. கேட்க வேண்டிய இடம் அவருடைய சொந்த வங்கி.

விதிகளால் எழும் மறுப்புகள்

இந்தியாவில் பல மறுப்புகள், பாதுகாப்புக்காக ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின் நேரடி விளைவுகள்.

கூடுதல் சரிபார்ப்பு: 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் அட்டைவழிச் செலுத்தலுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயமானது. இன்று இது பெரும்பாலும் ஓடிபியாக வருகிறது. ஓடிபி குறித்த நேரத்தில் வராவிட்டாலோ தவறாக இடப்பட்டாலோ பரிவர்த்தனை நின்றுவிடும்.

இயக்கும் வசதியும் அணைக்கும் வசதியும்: 2020 ஜனவரி 15 அன்று வெளியான சுற்றறிக்கையின்படி, புதிதாகத் தரப்படும் அட்டை இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும். இணையம், வெளிநாடு, தொடாமல் செலுத்துதல் ஆகியவற்றை அட்டைதாரரே கைபேசிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ இயக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் சேர்ந்த மாணவர் புதிய அட்டையைக் கொண்டு தேர்வுக் கட்டணம் செலுத்த முயன்று 57 என்ற மறுப்பைப் பெறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தமிழில் இயங்கும் ஓர் இணையதளமும் பணத்தை வெளிநாட்டு நிறுவனத்தின் வழியாகப் பெறக்கூடும். அப்போது வெளிநாட்டு அனுமதியும் தேவைப்படும்.

தொடாமல் செலுத்துதல்: பின் எண் இன்றி அட்டையைக் காட்டி மட்டும் செலுத்தும் உச்ச அளவு 2021 ஜனவரி 1 முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் பின் எண் வேண்டும்.

தானாகக் கழியும் சந்தாக்கள்: 2021 அக்டோபர் 1 முதல், மாதந்தோறும் தானாகக் கழியும் அட்டைக் கட்டணங்களுக்கு முறையான முன் ஒப்புதலும், 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் கட்டாயமாயின. பழைய ஒப்புதல்கள் புதிய முறைக்கு மாற்றப்படாததால் அம்மாதத்தில் நாடு முழுவதும் ஏராளமான சந்தாக்கள் மறுக்கப்பட்டன. கூடுதல் சரிபார்ப்பு இன்றிக் கழியும் அளவு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சேமித்த அட்டை விவரம்: 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் எனும் மாற்று எண் பயன்படுகிறது. அட்டை மாறினால் டோக்கனையும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கலாம்.

தடைசெய்யப்பட்ட வகைகள்: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கான செலுத்தல்களை வங்கிகள் நிறைவேற்றக் கூடாது என்று 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் கூறுகிறது.

ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகிய ஆலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகள், போச்சம்பள்ளியிலுள்ள ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை, ஓசூரைச் சுற்றிய மலர்ப் பண்ணைகள், கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் என்று இப்பகுதி பல ஊர்க்காரர்களையும் பல மாநிலத்தவரையும் ஈர்க்கிறது. ஓசூரில் வசித்துப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று வருவோரும் உண்டு. இடம்பெயர்ந்து வாழும் இவ்வாழ்க்கை அட்டை மறுப்புக்குச் சில தனிக் காரணங்களைச் சேர்க்கிறது.

மாநில எல்லை காரணமா?

சூசூவாடியில் அனுமதிக்கப்பட்ட அட்டை அத்திப்பள்ளியில் மறுக்கப்பட்டால், மாநிலம் மாறியதே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அட்டை விதிகள் உள்நாடு, வெளிநாடு என்ற இரண்டை மட்டுமே பிரிக்கின்றன. தமிழ்நாடு, கர்நாடகம் என்று பிரிப்பதில்லை. எனவே எல்லையைக் கடப்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது.

ஆனால் ஏடிஎம் கட்டணத்தில் எல்லை ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் பிற வங்கி ஏடிஎம்களில் மாதந்தோறும் இலவசமாகச் செய்யக்கூடிய பரிவர்த்தனைகள் பெங்களூர் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மூன்று. ஓசூர் போன்ற பிற ஊர்களில் ஐந்து. அதற்கு மேல் 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை கட்டணம் பெறலாம். இலவச எண்ணிக்கை முடிந்தால் கட்டணம்தான் உண்டு, மறுப்பு இல்லை. இருப்பு போதாமல் ஏடிஎம்மில் மறுக்கப்பட்டால் பல வங்கிகள் அதற்கும் கட்டணம் பிடிக்கின்றன. தொழில்நுட்பக் கோளாறாலோ ஏடிஎம்மில் பணத்தாள் இல்லாததாலோ தோல்வியுற்ற முயற்சிகளை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

மாறும் கைபேசி எண்

சொந்த ஊரில் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண் ஒன்று; ஓசூரில் வாங்கிய சிம் வேறு. ஓடிபி பழைய எண்ணுக்கே செல்கிறது. பாரத ஸ்டேட் வங்கி தன் ஏடிஎம்களில் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்கும் தன் அட்டைதாரர்களுக்கு, 2020 செப்டம்பர் 18 முதல் நாள் முழுவதும் ஓடிபியைக் கட்டாயமாக்கியது. அட்டையும் பின் எண்ணும் சரியாக இருந்தும், பழைய சிம் கையில் இல்லாத தொழிலாளியால் அங்கே பெருந்தொகை எடுக்க இயலாது. வேலைக்காக ஊர் மாறுபவர் முதலில் செய்ய வேண்டியது வங்கியில் எண்ணைப் புதுப்பிப்பது.

சிறு கணக்கின் வரம்பு

முழு அடையாள ஆவணங்கள் இல்லாதவருக்கு வங்கிகள் "சிறு கணக்கு" என்ற வகையில் கணக்குத் தருகின்றன. அதில் மூன்று வரம்புகள் உள்ளன: இருப்பு எப்போதும் 50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது, ஒரு நிதியாண்டில் வரவு 1 லட்சம் ரூபாய்க்கு மிகக் கூடாது, ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்ந்து 10,000 ரூபாய்க்கு மிகக் கூடாது.

மாதம் 12,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கு 8,000 ரூபாய் அனுப்பிவிட்டு, கடையில் 3,000 ரூபாய்க்கு அட்டையைக் கொடுத்தால் மொத்தம் 11,000 ஆகிறது. கணக்கில் 4,000 ரூபாய் இருந்தும் மறுப்பு வரும். மேலும் எட்டு மாதச் சம்பளம் 96,000. ஒன்பதாம் மாதம் 1,08,000 ஆகி ஆண்டு வரம்பையும் தாண்டிவிடும். ஆதார் போன்ற ஆவணங்களைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றினால் இவ்வரம்புகள் நீங்கும்.

ஒப்பந்ததாரர் மாறும்போது

ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, புதிய சம்பளக் கணக்கு வேறு வங்கியில் தொடங்கப்படுவதுண்டு. பழைய கணக்கு மறக்கப்படுகிறது. வாடிக்கையாளர் தாமாகச் செய்த பரிவர்த்தனை எதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்படும். அதன் அட்டையும் மறுக்கப்படும். அவசரத்துக்கென்று வைத்திருந்த பணம் அவசர நாளில் வராமல் போவது இதனால்தான். கிளைக்குச் சென்று அடையாளத்தைப் புதுப்பித்தால் கணக்கை மீட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பத்து ஆண்டுகள் கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு மாற்றப்பட்டாலும், உரியவர் தம் வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம்.

வாடிக்கையாளர் விவரங்களைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. இடர் குறைந்த வாடிக்கையாளருக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை, நடுத்தர இடருக்கு எட்டாண்டுக்கு ஒரு முறை, மிகுந்த இடருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை என்பது அளவு. வங்கி அனுப்பும் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால், கணக்கு முடங்கிய பிறகே செய்தி தெரியவரும்.

காவல்துறை முடக்கம்

இணைய மோசடியில் பறிபோன பணம் பல கணக்குகள் வழியாகக் கைமாறுகிறது. அதில் ஒரு பகுதி, ஒன்றும் அறியாத ஒரு கடைக்காரரின் கணக்குக்கு விற்பனைத் தொகையாக வந்து சேரலாம். வேறு மாநிலத்தில் பதிவான புகாரின்பேரில் அத்தொகையோ முழுக் கணக்கோ முடக்கப்படும். அட்டை மறுப்பே இதன் முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. வங்கியிடம் புகார் எண்ணையும் விசாரிக்கும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்துவழிக் கேட்டுப் பெற்று, விற்பனைச் சீட்டுகளுடன் அணுகுவதே வழி.

சுங்கச்சாவடியில் மறுப்பு

கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி ஆகிய இடங்களில் தேசிய நெடுஞ்சாலை 44இல் சுங்கச்சாவடிகள் உள்ளன. பாஸ்டேக் ஒட்டியும் ஒருவகை அட்டையே. அதையும் ஒரு வங்கி வழங்குகிறது, அதுவே மறுக்கிறது. 2025 பிப்ரவரி 17 முதல் நடப்புக்கு வந்த கொடுப்பனவுக் கழக நடைமுறைப்படி, ஒட்டி படிக்கப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாகவும், படித்த பின் 10 நிமிடங்கள் வரையிலும் தடைப்பட்டியலில் இருந்தால், பரிவர்த்தனை 176 என்ற குறியீட்டுடன் மறுக்கப்படும். செல்லத்தக்க பாஸ்டேக் இல்லாமல் நுழைந்தால், 2025 நவம்பர் 15 முதல், பணமாகச் செலுத்துவோர் இரு மடங்கும் யுபிஐ வழியாகச் செலுத்துவோர் ஒன்றேகால் மடங்கும் கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

வங்கித் தரப்பே செயலிழக்கும்போது

சில வேளைகளில் அட்டை, இருப்பு, வரம்பு எல்லாம் சரியாக இருந்தும் வங்கியின் நிலையே மறுப்புக்குக் காரணமாகிறது.

கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி இதற்கு ஒரு தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு. நிதி நெருக்கடியால் அவ்வங்கியின்மீது 2020 நவம்பர் 17 அன்று தடைக்கால ஆணை பிறப்பிக்கப்பட்டது. எவ்வளவு இருப்பு இருந்தாலும் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. மருத்துவம், உயர்கல்வி, திருமணம் போன்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. நவம்பர் 27 அன்று அது டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டதும் கட்டுப்பாடு நீங்கியது. பத்து நாள் நீடித்த இந்த மறுப்பில் வாடிக்கையாளரின் பிழை எதுவும் இல்லை.

மற்றொன்று தொழில்நுட்பம் சார்ந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் கணினிச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தாக்குதல் பரவாமல் இருக்க, கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அச்சேவையைச் சார்ந்திருந்த சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களால் அந்நேரத்தில் பணம் செலுத்தவோ எடுக்கவோ இயலவில்லை. ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு மீண்டது. ஒரே வங்கியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பம் இத்தகைய நாட்களில் கைப்பணம் இல்லாமல் தவிக்க நேரும்.

பணம் கழிந்தும் நிறைவேறாத பரிவர்த்தனை

மறுப்பும் தோல்வியும் வேறு வேறு. மறுப்பில் வங்கி "இல்லை" என்கிறது, பணம் கழிவதில்லை. தோல்வியில் வங்கி "சரி" என்று பணத்தைக் கழித்துவிடுகிறது. ஆனால் அந்தப் பதில் கடை இயந்திரத்துக்கு வந்து சேரும் முன் இணைப்பு அறுந்துவிடுகிறது. கடைத் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் கணக்கு விவரமுமே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று காலக்கெடு விதித்தது. ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்தாலும், கடையில் அல்லது இணையத்தில் உறுதிச் செய்தி இல்லாமல் கழிந்தாலும், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தொகை திரும்ப வேண்டும். யுபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பியது சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி இதைத் தர வேண்டும் என்பது விதி.

தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. தளம் "தோல்வி" என்று காட்டினாலும் பணம் கழிந்திருக்கலாம். விண்ணப்பத் தளத்தில் கட்டண நிலையை ஒரு முறை சரிபார்த்த பின்னரே மறுமுறை செலுத்துவது நல்லது. அதற்கு நேரம் வேண்டுமானால் கடைசி நாள்வரை காத்திருக்கக் கூடாது.

மறுக்கப்பட்டவர் செய்யத்தக்கவை

1. உடனே மறுபடி தேய்க்காமல், திரையிலோ தாளிலோ குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின் எண் தவறு என்றால் நினைவு உறுதியாக இருந்தால் மட்டுமே மீண்டும் முயல வேண்டும்.
2. பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் கடைக்காரரிடம் மறுப்புச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
3. வங்கியின் செயலியில் அட்டை அமைப்புகளைத் திறந்து, தேவையான பயன்பாடு இயக்கப்பட்டுள்ளதா, வரம்பு போதுமா என்று சரிபார்க்க வேண்டும்.
4. காரணம் தெரியவில்லையெனில் அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணில் மட்டுமே வங்கியை அழைக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருப்பதுண்டு. ஓடிபியையும் பின் எண்ணையும் எந்த வங்கி ஊழியரும் கேட்பதில்லை.
5. தாம் செய்யாத பரிவர்த்தனைக்கான மறுப்புச் செய்தி வந்தால், யாரோ அட்டையைப் பயன்படுத்த முயல்கிறார் என்று பொருள். உடனே அட்டையை முடக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவும் வங்கியின் குறையும் இல்லாமல் நேர்ந்த இழப்பை மூன்று வேலைநாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.
6. வங்கியில் எழுத்துவழிப் புகார் அளித்துப் புகார் எண்ணைப் பெற வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இணையம் வழியாகவோ கடிதம் வழியாகவோ அனுப்பலாம். விளக்கம் பெற 14448 என்ற எண் உள்ளது. முறையீட்டுடன் பரிவர்த்தனை நாள், நேரம், தொகை, குறியீடு, வங்கியின் புகார் எண் ஆகியவற்றைத் தர வேண்டும். மறுப்புச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்கு இந்த விவரங்களில் பெரும்பாலானவை அதிலேயே கிடைக்கும்.